சீட்டும் நிதியும் ஊர் நம்பிக்கையும்

ஊருக்குப் புதியவர் ஒருவர் ஒரு சேமிப்புத் திட்டத்தையோ முதலீட்டுத் திட்டத்தையோ கொண்டுவந்து, ஒருவரையொருவர் நன்கு அறிந்து வாழும் மக்களிடம் பணம் கேட்பது தமிழ்நாட்டின் பொருளாதார வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்துவருகிறது. அப்படி வந்த சிலரால் ஊர் வளர்ந்தது. வேறு சிலர் ஊரின் வாழ்நாள் சேமிப்பை எடுத்துக்கொண்டு மறைந்தனர். சீட்டு, நிதி, கூட்டுறவுச் சங்கம், நிதி நிறுவனம், தேக்குப் பண்ணை, எமு பண்ணை, வீட்டுமனைத் தவணை, கைப்பேசிக் குழுக்களில் வரும் பகுதிநேர வேலை என இவற்றின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் புதியவர் ஊரின் நம்பிக்கையைப் பெறும் வழி பெரிதாக மாறவில்லை. இக்கட்டுரை அந்த வழியையும், சட்டம் அதை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும் விளக்குகிறது. சென்னையின் மேற்குப் புறநகரான பூவிருந்தவல்லி, பாரிவாக்கம், ஆவடி, அம்பத்தூர் பகுதியின் சூழலும் இதில் இடம்பெறுகிறது.

பழைய பின்னணி

வெளியூர் வணிகர் ஊருக்குள் வந்து நம்பிக்கை பெறுவது தமிழகத்திற்குப் புதிதன்று. இடைக்காலத்தில் ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்து வாணிகம் நடத்தின. அவர்கள் விற்ற சரக்குகளின் மீது ஒரு பங்கை ஒதுக்கி, தாம் வணிகம் செய்த ஊரின் கோயிலுக்குக் கொடையாக அளித்த செய்தியைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அங்கு வந்தவர் தனியாள் அல்லர். அவருக்குப் பின்னால் பெயர் தெரிந்த ஒரு குழு இருந்தது. கொடை கல்லில் பொறிக்கப்பட்டது. கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார் என்பதை எவரும் படித்தறிய முடிந்தது.

புதியவரின் பின்னால் நிற்பது யார், அவர் சொன்னது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் பிற்கால வரலாறு முழுவதும் தொடர்கின்றன.

சீட்டு: அறிந்தவர்களின் ஏற்பாடு

சீட்டு என்பது ஒரு குழுவினர் மாதந்தோறும் ஒரே அளவு பணம் போட்டு, சேர்ந்த தொகையை ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் முறை. குலுக்கல் சீட்டில் பெயர் குலுக்கி எடுக்கப்படும். ஏலச் சீட்டில் அதிகத் தொகையைத் தள்ளிக் கேட்பவருக்குச் சீட்டு கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 20 பேர் மாதம் 1,000 ரூபாய் வீதம் 20 மாதங்கள் கட்டும் சீட்டில் மொத்தத் தொகை 20,000 ரூபாய். அவசரத் தேவையுள்ள ஒருவர் 4,000 ரூபாய் தள்ளி, 16,000 ரூபாய்க்குச் சீட்டை எடுக்கிறார். தள்ளிய 4,000 ரூபாயில் சீட்டு நடத்துபவரின் கழிவு 5 விழுக்காடு, அதாவது 1,000 ரூபாய். மீதி 3,000 ரூபாயை 20 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 150 ரூபாய். இதைக் 'கசர்' என்பர். கசர் கழிந்து அம்மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 850 ரூபாய் மட்டுமே.

இந்த ஏற்பாட்டில் முதலில் சீட்டு எடுத்தவர் மீதி 19 மாதங்களும் தவறாமல் கட்ட வேண்டும். அவர் கட்டாமல் போனால் கடைசியில் எடுப்பவர் இழப்பார். ஆகவே சீட்டின் அடித்தளம் கணக்கைவிட அறிமுகமே. அவர் வீடு எது, எங்கே வேலை செய்கிறார், உறவினர் யார் என்பது குழுவில் உள்ள மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தமிழ்நாடு, கேரளம் மட்டுமின்றி இலங்கைத் தமிழரிடையேயும் சீட்டு வழக்கில் உள்ளது. மலேசியத் தமிழர் இதைக் 'கூட்டு' என்கின்றனர். இத்தகைய சுழற்சிச் சேமிப்புக் குழுக்கள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவலாக இருப்பதை மானிடவியலாளர்களான கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1962-இலும், ஷெர்லி ஆர்டனர் 1964-இலும் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் காட்டின.

நிதிகளும் கூட்டுறவுச் சங்கங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் 'நிதி' என்ற அமைப்பு தோன்றியது. நிதி தன் உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்புப் பெறும். உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் கொடுக்கும். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் ஃபண்ட் இவற்றுள் புகழ்பெற்றது. சென்னை மாகாண அரசுக்காக ஃபிரெடெரிக் நிக்கல்சன் வேளாண் வங்கிகள் பற்றித் தயாரித்த அறிக்கையின் முதல் தொகுதி 1895-இல் வெளிவந்தது. அதில் மாகாணத்தின் நிதிகளும் ஆராயப்பட்டன. அந்த அறிக்கை கூட்டுறவு இயக்கத்திற்கு வழிகோலியது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கப்பட்டது.

உறுப்பினர் அல்லாதவரிடம் கைநீட்டக் கூடாது என்பது நிதியின் அடிப்படை விதி. இன்று 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 406-ஆம் பிரிவின்கீழ் நிதிகள் இயங்குகின்றன. 2014-ஆம் ஆண்டு நிதி விதிகளின்படி, வைப்புத்தொகை கேட்டு நிதி விளம்பரம் செய்யக் கூடாது. வைப்புப் பிடித்துத் தருவோருக்குத் தரகோ ஊக்கத்தொகையோ கொடுக்கவும் கூடாது. ஆள் பிடிப்பவருக்குக் கூலி கொடுக்கத் தொடங்கினால் உறுப்பினர் சங்கம் என்ற தன்மை கெட்டுவிடும் என்பதே இந்த விதியின் உட்பொருள்.

அர்பத்நாட் வீழ்ச்சி

பெரிய பெயர் இருந்தால் போதும் என்ற எண்ணத்தை 1906-ஆம் ஆண்டு உடைத்தது. சென்னையில் நெடுங்காலமாகச் செல்வாக்குடன் விளங்கிய அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபர் 22 அன்று நொடித்துப்போனது. வழக்கறிஞர், அரசு ஊழியர், கைம்பெண்கள், ஓய்வூதியர் எனப் பல தரப்பினரின் சேமிப்பு அதில் இருந்தது. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

அர்பத்நாட் நிறுவனத்தாரைப் புதியவர் என்று எவரும் கருதியிருக்க முடியாது. ஆயினும் அதன் பணம் எங்கே, எதில் போடப்படுகிறது என்பது வைப்பாளர்களுக்குத் தெரியாது. இந்த அதிர்ச்சியின் பின்னணியில், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி உருவானது. உள்ளூர் மக்களே பங்கு எடுத்து, கணக்கை வெளியிட்டு நடத்தும் வங்கி வேண்டும் என்ற எண்ணம் அந்த வீழ்ச்சிக்குப் பின் வலுப்பெற்றது.

மேற்குப் புறநகர்: புதியவர்களால் ஆன ஊர்கள்

சென்னையின் மேற்குப் புறநகரில் யார் ஊரார், யார் புதியவர் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. 1955-இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. 1960-களில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் பாடியின் தொழிற்சாலைகளும் வளர்ந்தன. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் இப்பகுதியில் குடியேறினர். ஏரிப் பாசனத்தில் பயிர் செய்துவந்த பூவிருந்தவல்லி வட்டாரத்துச் சிற்றூர்கள் மெல்ல மெல்ல வீட்டுமனைகளாக மாறின. திருவள்ளூர் மாவட்டத்தில், பூவிருந்தவல்லியை ஒட்டி அமைந்த பாரிவாக்கமும் இந்த மாற்றத்தைக் கண்ட ஊர்களில் ஒன்று.

இத்தகைய இடங்களில் பக்கத்து வீட்டுக்காரரின் பூர்வீகம் எவருக்கும் தெரியாது. தலைமுறைப் பழக்கம் செய்த வேலையைச் சம்பளத் தேதி செய்தது. ஒரே பட்டறையில் வேலை பார்ப்பவர்கள், ஒரே நாளில் சம்பளம் வாங்குபவர்கள், ஒரே தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் சேர்ந்து சீட்டுப் போட்டார்கள். தவணையில் புடவையும் பாத்திரமும் விற்க வருபவர், வாரந்தோறும் அட்டையில் குறித்துப் பணம் வாங்கிச் செல்பவர், தீபாவளிச் சீட்டு பிடிப்பவர் ஆகியோர் தெரு வாழ்க்கையின் பகுதியாயினர்.

இவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். தவணைக்காரர் முதலில் பொருளைக் கொடுத்துவிட்டுப் பிறகே பணம் வாங்குகிறார். அவர் ஊரை நம்புகிறார், ஆபத்து அவருடையது. தீபாவளிச் சீட்டிலோ ஊர் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஓர் ஆண்டு கழித்து இனிப்பும் பட்டாசும் தங்கக் காசும் வரும் என்று காத்திருக்கிறது. இங்கே ஆபத்து ஊருடையது. இரண்டுக்கும் ஒரே அட்டைதான், ஒரே வாராந்தர வருகைதான். அதனால் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு எளிதில் கண்ணில் படுவதில்லை.

பரிசுச் சீட்டும் பணச் சுழற்சியும்

அறிமுகமில்லாதவர்களைப் பெருமளவில் சேர்க்கும் சீட்டுக் கம்பெனிகள் பெருகியபோது அரசு தலையிட்டது. தமிழ்நாடு சீட்டு நிதிகள் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. 1970-களில் 'பரிசுச் சீட்டு' என்ற வகை பரவியது. இதில் பரிசு விழுந்தவர் பணத்தை எடுத்துக்கொண்டு மேற்கொண்டு கட்டாமல் விலகிவிடலாம். பரிசு விழாதவர்கள் கடைசிவரை கட்டி, வட்டியில்லாமல் தம் பணத்தைத் திரும்பப் பெறுவர். நடத்துபவருக்கே பெரும் ஆதாயம். ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் எஸ். ராஜ் குழு 1975-இல் இதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அதன்படி 1978-இல் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் வந்தது.

பணச் சுழற்சித் திட்டம் என்பது ஆள்மேல் ஆள் சேர்ப்பது. ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முதல் சுற்றில் 5 பேர், இரண்டாவதில் 25, மூன்றாவதில் 125 பேர். 11-ஆம் சுற்றுக்கு மட்டும் 4 கோடியே 88 லட்சம் பேர் வேண்டும். 12-ஆம் சுற்றுக்கு 24 கோடிக்கும் மேற்பட்டோர் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம்தான். ஆகவே இத்தகைய சங்கிலி அறுந்தே தீரும். அறும்போது கடைசிச் சுற்றில் இருப்பவர்களே எண்ணிக்கையில் மிகுதி.

1982-இல் இயற்றப்பட்ட மத்தியச் சீட்டு நிதிகள் சட்டம் முறையான சீட்டுக்கு வரையறை தந்தது. சீட்டு தொடங்குமுன் பதிவாளரிடம் அனுமதி பெற வேண்டும். நடத்துபவர் பிணைத்தொகை கட்ட வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஏல நடவடிக்கைக்குக் குறிப்பேடு வேண்டும். நடத்துபவரின் கழிவுக்கு 5 விழுக்காடு என்று உச்சவரம்பு வைக்கப்பட்டு, 2019 திருத்தத்தில் அது 7 விழுக்காடாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சீட்டுப் பதிவைப் பதிவுத்துறை கவனிக்கிறது. முகம் தெரிந்த 20 பேர் தமக்குள் வைத்திருந்த பாதுகாப்பை, முகம் தெரியாதவர்களுக்குக் காகிதத்தின் வழியாகத் தர முயன்ற சட்டம் இது.

நிதி நிறுவனக் காலம்

1990-களில் தமிழ்நாட்டின் நகரங்களில் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைத்தன. வங்கி வட்டியைவிடப் பல மடங்கு வட்டியும், பணம் போடும் நாளிலேயே பரிசுப் பொருளும் தருவதாக விளம்பரங்கள் வந்தன. ஓய்வு பெற்றோரின் பணிக்கொடையும் மகளின் திருமணத்திற்கு வைத்திருந்த தொகையும் அவற்றில் போய்ச் சேர்ந்தன. பத்தாண்டின் நடுவில் தொடங்கிப் பல நிறுவனங்கள் வரிசையாகக் கதவைச் சாத்தின.

இதன் விளைவாக 1997-இல் இரு மாற்றங்கள் வந்தன. ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் பதிவு செய்வது கட்டாயமானது. தமிழ்நாடு அரசு, வைப்பீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வைப்புத்தொகையைத் திருப்பித் தராத நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி விற்று, பணத்தை வைப்பாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கவும், குற்றவாளிகளுக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் இச்சட்டம் வழிசெய்தது. இதற்கெனச் சிறப்பு நீதிமன்றங்கள் அமைந்தன. சட்டம் செல்லும் என 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே காலத்தில் மரத்தின் பெயராலும் பணம் திரட்டப்பட்டது. 1992-இல் சென்னையில் தொடங்கிய அனுபவ் பிளாண்டேஷன்ஸ், தேக்கு மரங்களில் முதலீடு என்று மக்களிடம் பணம் பெற்று 1998-இல் நொடித்தது. தேக்கு முதிரப் பல்லாண்டுகள் ஆகும். வாக்குறுதி உண்மையா என்று சோதிக்க வேண்டிய நாள் அவ்வளவு தொலைவில் இருந்தது. இத்தகைய திட்டங்களைக் கட்டுப்படுத்த 1999-இல் செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது.

எமு முதல் ஆருத்ரா வரை

2010-ஆம் ஆண்டையொட்டி ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு எமு கோழிப் பண்ணைகள் பரவின. நிறுவனமே குஞ்சும் தீவனமும் தரும். வளர்ப்பவருக்கு மாதந்தோறும் ஒரு தொகையும் வரும். வளர்ந்த பறவையை நிறுவனமே திரும்ப வாங்கும் என்பது திட்டம். திரைப்பட நடிகர்கள் விளம்பரத்தில் தோன்றினர். எமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் நாட்டில் சந்தை இருக்கிறதா என்று கேட்டவர் குறைவு. 2012 ஆகஸ்டில் சுசி எமு பண்ணை நிறுவனம் மூடப்பட்டதும் மற்றவையும் சரிந்தன. பட்டினியால் வாடிய பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டியதாயிற்று.

திருப்பூரில் அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லிப் பணம் திரட்டிய பாசி நிறுவனத்தின் மோசடி 2009-இல் வெளிப்பட்டது. அதன் இயக்குநர்கள் இருவருக்குக் கோயம்புத்தூர் சிறப்பு நீதிமன்றம் 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது 2022-இல்தான். இடையில் 13 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதே 2022-ஆம் ஆண்டு மே மாதம், சென்னை அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறை சோதனை நடத்தியது. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது.

மாதம் 30 விழுக்காடு என்பதன் கணக்கு எளிது. 100 பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால் கையில் ஒரு கோடி ரூபாய். மாதம் 30 லட்சம் கொடுத்தால் மூன்று மாதத்தில் 90 லட்சம் போய்விடும். நான்காம் மாதம் கொடுக்கக் கையில் இருப்பது 10 லட்சம் மட்டுமே. தொடர்ந்து கொடுக்க வேண்டுமானால் புதிய ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1920-இல் சார்லஸ் போன்ஸி செய்ததும் இதுவே. 45 நாளில் 50 விழுக்காடு ஆதாயம் என்று சொல்லிப் பணம் வாங்கி, பின்னால் வந்தவர் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுத்தார். இன்றும் இவ்வகை மோசடி அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நம்பிக்கை கைமாறும் விதம்

இத்திட்டங்களில் புதியவர் ஊர் முழுவதையும் நேரில் நம்பவைப்பதில்லை. அவ்வாறு செய்ய அவரால் முடியாது. ஊரில் ஏற்கெனவே நல்ல பெயர் எடுத்த ஒருவரை மட்டும் அவர் நம்பவைக்கிறார். அவர் ஓய்வு பெற்ற அலுவலராக இருக்கலாம். சங்கத் தலைவராக இருக்கலாம். மகளிர் குழுவை நடத்தும் பெண்ணாக இருக்கலாம். அவருக்குச் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வருகிறது. அவர் மைத்துனரிடம் சொல்கிறார். கூட வேலை செய்தவரிடம் சொல்கிறார். ஆள் சேர்த்ததற்குத் தரகும் கிடைக்கிறது. அலுவலகத் திறப்பு விழா, கோயில் திருவிழாவுக்கு நன்கொடை, பள்ளிக்கு மின்விசிறி என்று நிறுவனமும் ஊரில் வேர்விட்டதுபோலத் தோன்றுகிறது. பழைய வணிகக் குழுக்களின் கொடையும் இதுவும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் இங்கே கொடுக்கப்படும் பணம் வாணிகத்தில் ஈட்டியதன்று. அதே ஊரார் போட்ட பணத்தின் ஒரு பகுதி.

தாமதமாகச் சேர்ந்தவர் புதியவரை நம்பிச் சேரவில்லை; மைத்துனரை நம்பிச் சேர்ந்தார். நிறுவனம் மறைந்தபின் அவர் கேட்கப் போகும் வீடும் அந்த மைத்துனருடையதே. நிறுவனத்தின் இயக்குநர் எங்கோ இருக்கிறார். முகவர் அடுத்த தெருவில் இருக்கிறார். அவரும் தம் பணத்தை இழந்திருப்பார். ஆனால் பிறர் பணத்திற்குத் தரகு வாங்கியவர் என்பதால் அவரை ஏமாந்தவர் என்று ஊர் ஏற்பதில்லை. திருமணங்களுக்கு அழைப்பு நின்றுபோகிறது. அண்ணன் தம்பி பேச்சு அறுந்துபோகிறது. சொத்தை முடக்கி விற்று நீதிமன்றம் பணத்தின் ஒரு பகுதியை மீட்டுத் தரலாம். முறிந்த உறவை மீட்டுத் தர எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

2019-ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் இந்த இடைநிலையாளரையும் கருத்தில் கொண்டது. பதிவில்லாத திட்டத்தை நடத்துவது மட்டுமின்றி அதற்கு விளம்பரம் செய்வதும், பொய் எனத் தெரிந்தே வாக்குறுதி கூறிப் பிறரை அதில் சேரத் தூண்டுவதும் அச்சட்டப்படி குற்றம். 2021-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள், பொருள் விற்பனை என்ற பெயரில் ஆள் சேர்க்கும் பிரமிடுத் திட்டங்களைத் தடைசெய்தன.

வீட்டுமனையும் நகைச் சீட்டும்

புறநகர் மக்கள் அதிகம் சந்திக்கும் புதியவர் மனை விற்பவர். இலவச வேனில் அழைத்துப்போய், மனையைக் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு, மாதத் தவணையில் இடம் தருவதாகச் சொல்வது பல ஆண்டு வழக்கம். இங்கே வாக்குறுதியைச் சோதிக்க வழி உண்டு. வில்லங்கச் சான்றிதழ், பட்டா, தாய்ப்பத்திரம், மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவை அரசு அலுவலகங்களில் பார்க்கக் கூடியவை. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. மறு ஆண்டு அரசு வரன்முறைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏரியையும் நீர்வழியையும் அடுத்த நிலங்கள் மிகுந்த மேற்குப் புறநகரில், மனை அங்கீகாரம் இருக்கிறதா என்ற கேள்வி மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்ற கேள்வியும் ஆகும்.

நகைக்கடைகளின் சேமிப்புத் திட்டங்கள் பெரும்பாலும் 11 மாதங்களாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 2014-ஆம் ஆண்டு வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காகப் பெற்ற முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகத் தீர்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும்.

நல்ல வகையில் வந்த புதியவர்கள்

எல்லாப் புதியவரையும் சந்தேகிக்கும் ஊர் சிலவற்றை இழக்கும். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, சுய உதவிக் குழு அமைக்க வந்த களப்பணியாளர்களும் ஊருக்குப் புதியவர்களே. அவர்கள் பணத்தைத் தங்கள் கையில் கேட்கவில்லை. சேமிப்பைப் பெண்களே சேர்த்தனர். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்தனர். கணக்குப் புத்தகத்தைத் தாங்களே எழுதினர். வந்தவர் போனபின்னும் பணமும் கணக்கும் ஊரிலேயே இருந்தன. பின்னர் இத்திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது.

மோசடித் திட்டங்களில் பணமும் கணக்கும் புதியவரிடம் போய்விடும். அட்டை மட்டுமே ஊரில் மிஞ்சும். வந்தவரின் பேச்சு, உடை, பணிவு ஆகியவற்றைவிட இந்த வேறுபாடே அவரை அடையாளம் காட்டும்.

கைப்பேசிக் காலம்

2016-இல் யுபிஐ அறிமுகமான பின் பணம் அனுப்புவது நொடி வேலையானது. தெருவில் வந்த புதியவர் இப்போது வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வருகிறார். உணவகங்களுக்கு மதிப்பெண் போட்டால் பணம், காணொளிக்கு விருப்பக்குறி இட்டால் பணம் என்று பகுதிநேர வேலை தருகிறார். முதலில் 150 ரூபாய், 200 ரூபாய் உண்மையாகவே வந்து சேரும். பிறகு பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார். குழுவில் இருக்கும் மற்றவர்கள் தங்களுக்கு ஆயிரக்கணக்கில் பணம் வந்ததாகப் படத்துடன் எழுதுவார்கள். அவர்கள் அனைவரும் மோசடிக் கும்பலின் ஆட்களாகவே இருப்பார்கள்.

முன்பு ஊரின் நல்ல பெயரைக் கடன் வாங்கிய மோசடி, இப்போது ஊரையே செயற்கையாக உருவாக்குகிறது என்பது இங்கு காணும் புதுமை. சாட்சி சொல்லும் மைத்துனர்கூடப் பொய். குடியிருப்போர் நலச் சங்கம், பள்ளிப் பழைய மாணவர் போன்ற உண்மையான குழுக்களிலும், உறுப்பினர் ஒருவரின் கைப்பேசிக் கணக்கைக் கைப்பற்றி அவர் பெயரில் திட்டங்களை அனுப்பும் வழக்கம் உள்ளது.

சரிபார்க்கும் வழிகள்

வைப்புத்தொகை பெறும் நிறுவனம் எந்த ஒழுங்குமுறை அமைப்பின்கீழ் வருகிறது என்பதை ரிசர்வ் வங்கி 2016-இல் தொடங்கிய 'சசேத்' தளத்தில் பார்க்கலாம், புகாரும் அளிக்கலாம். சீட்டு பதிவு பெற்றதா என்பதைச் சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம். இணையவழிப் பண இழப்பை 1930 என்ற எண்ணில் உடனடியாகத் தெரிவித்தால், பணம் மேற்கொண்டு கைமாறுமுன் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. ஆவடி காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில் தனியாக அமைந்தபின், மேற்குப் புறநகரின் பெரும்பகுதி அதன் எல்லைக்குள் வருகிறது.

திட்டத்தைக் கொண்டுவருபவரிடம் கேட்க வேண்டியவை நான்கு. ஆதாயம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? பணம் யார் பெயரில் உள்ள கணக்கில் இருக்கும்? பதிவு எண் என்ன? ஆள் சேர்த்தால் தரகு உண்டா? கடைசிக் கேள்விக்கு 'உண்டு' என்ற விடை மகிழ்ச்சியோடு வந்தால் அங்கே அதிகக் கவனம் தேவை.

இவற்றைக் கேட்பது வந்தவரை அவமதிப்பதாகும் என்ற தயக்கம் ஊர்களில் உண்டு. குறிப்பாக அவரை அழைத்துவந்தவர் உறவினராக இருந்தால் கேட்க நா எழாது. பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தின் ஊழியரும் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவரும் இக்கேள்விகளுக்கு உடனே விடை தருவர்; அவர்களிடம் அதற்கான அட்டையும் ரசீதும் இருக்கும். கேள்வி கேட்பதால் நேர்மையான புதியவருக்கு இழப்பு எதுவும் இல்லை. கேட்காமல் விடும்போது, தெரிந்தவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பணம் போட்டவரும் அந்த வார்த்தையைச் சொன்னவரும் சேர்ந்தே இழக்கின்றனர்.